உள் விசாரணையை எதிர்ப்பதா, அதன் பதிவேட்டை வைத்தே வாதாடுவதா? தொழிலாளர் நீதிமன்ற வழக்கு, ஆலோசனை வேண்டும்

கோவை_கதிர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கோவைப் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் சி.என்.சி. ஆபரேட்டராக 11 ஆண்டுகள் வேலை பார்த்தேன். 2023 அக்டோபரில் இரவு ஷிப்டில் நடந்த ஒரு வாக்குவாதத்துக்காகக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்தார்கள். சஸ்பெண்ட் செய்து, உள் விசாரணை நடத்தி, 2024 மார்ச்சில் பணிநீக்கம் செய்துவிட்டார்கள். குற்றச்சாட்டு இரண்டு. மேற்பார்வையாளரைத் தகாத வார்த்தைகளால் திட்டினேனாம். இரண்டாவது இயந்திரத்தையும் சேர்த்து ஓட்ட மறுத்து 40 நிமிடம் உற்பத்தியை நிறுத்தினேனாம்.

சமரசப் பேச்சு முறிந்து, தொழில் தகராறுகள் சட்டத்தின் 2ஏ பிரிவின் கீழ் தொழிலாளர் நீதிமன்றத்தில் மனுப் போட்டோம். நிர்வாகம் எங்கள் மனுவுக்குப் பதிலாக எதிருரை தாக்கல் செய்துவிட்டது. உள் விசாரணை நேர்மையாக நடந்தது என்பதை நான் எதிர்க்கிறேனா இல்லையா என்று அடுத்த வாய்தாவில் சொல்ல வேண்டும். என் வழக்கை நடத்தும் எங்கள் சங்க நிர்வாகி, எதிர்த்தே ஆக வேண்டும் என்கிறார். வேறொரு சங்கத்து நண்பர், வேண்டவே வேண்டாம் என்கிறார்.

அந்த விசாரணையை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. விசாரணை அதிகாரி நிர்வாகம் சம்பளம் கொடுத்து அமர்த்திய வழக்குரைஞர். கண்காணிப்புக் கேமராப் பதிவைக் கேட்டு எழுதிக் கொடுத்தேன், தரவில்லை. இதையெல்லாம் நீதிமன்றத்தில் சொல்லாமல் விடுவதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

திருப்பூர்_செல்வி எழுதியது:

எதிர்க்க வேண்டும் அண்ணா. என் வழக்கில் விசாரணை முழுவதும் ஆங்கிலத்தில் நடந்தது. நான் எட்டாம் வகுப்பு. தமிழில் சொல்லுங்கள் என்று கேட்டதைக்கூடப் பதிவேட்டில் எழுதவில்லை. உதவிக்கு உடன் பணிபுரியும் ஒருவரை வைத்துக்கொள்ளவும் விடவில்லை. நீதிமன்றம் அந்த விசாரணையைச் செல்லாது என்று ஒதுக்கியது. அந்த உத்தரவைக் கையில் வாங்கிய அன்றுதான் என்னை ஒரு மனுஷியாக மதித்துக் கேட்டார்கள் என்று தோன்றியது. அநியாயமாக நடந்த விசாரணையை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

பஞ்சாலைத்_தோழர் எழுதியது:

செல்வி சொல்வது அவர் வழக்குக்கு நூற்றுக்கு நூறு சரி. மொழி தெரியாதவரை வைத்துக்கொண்டு நடத்திய விசாரணை நிற்காது. ஆனால் தோழர் கதிர், உங்கள் வழக்குக்கு விடை சொல்ல எனக்கு முதலில் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்.

ஒன்று, எதிருரையின் கடைசிப் பத்திகளைப் படித்துப் பாருங்கள். “விசாரணை செல்லாது என்று நீதிமன்றம் கருதினால், குற்றச்சாட்டை நீதிமன்றத்திலேயே சாட்சிகள் மூலம் நிரூபிக்க அனுமதிக்க வேண்டும்” என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா?

இரண்டு, விசாரணையில் நிர்வாகத் தரப்பு சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தது யார், என்ன பதில் வந்தது? அந்தப் பக்கங்களை, பெயர்களை நீக்கிவிட்டு, இங்கே எழுத முடியுமா?

நான் சங்க வேலைக்கு வந்த காலத்திலிருந்து பார்க்கிறேன். பணிநீக்க வழக்கு என்றால் விசாரணையைத் தாக்குவது என்று ஒரு வழக்கம் ஊறிப்போய்விட்டது. கோரிக்கை மனுவில் பாதி அதற்கே போய்விடுகிறது. பதிவேட்டை வரிக்கு வரி படித்த பிறகு எடுக்க வேண்டிய முடிவு அது.

கோவை_கதிர் எழுதியது:

தோழர், அந்த வரி இருக்கிறது. எதிருரையின் கடைசிக்கு முந்தைய பத்தி.

விசாரணையில் எனக்கு உதவியாக எங்கள் ஷிப்டில் இருக்கும் மூத்த தொழிலாளி ஒருவர் உட்கார்ந்தார். கேள்விகளை நாங்கள் இருவரும் முதல் நாள் இரவே எழுதி வைத்துக்கொண்டோம். நடவடிக்கைகள் தமிழில்தான் பதிவாயின. மேற்பார்வையாளரின் குறுக்கு விசாரணையில் ஒரு பகுதி, பக்கம் 31:

கேள்வி: 40 நிமிடம் உற்பத்தி நின்றதாகச் சொல்வது எந்த இயந்திரத்தில்?
பதில்: இரண்டாவது இயந்திரத்தில்.
கேள்வி: மணிவாரி உற்பத்திப் பதிவேட்டின் நகலைக் காட்டுகிறேன். 2.10 முதல் 2.50 வரை என்ன எழுதியிருக்கிறது?
பதில்: டூல் மாற்றம் என்று இருக்கிறது.
கேள்வி: அதன் எதிரே இருப்பது யாருடைய கையெழுத்து?
பதில்: என்னுடையது.
கேள்வி: டூல் மாற்றும்போது இயந்திரம் ஓடுமா?
பதில்: ஓடாது. ஆனால் அவர் அதற்கு முன்பே மறுத்துவிட்டார்.

திட்டிய வார்த்தை எது என்று கேட்டதற்கு மேற்பார்வையாளர் ஒரு வார்த்தை சொன்னார். இரண்டாவது சாட்சியான ஷிப்ட் பொறியாளர் வேறொரு வார்த்தை சொன்னார். தான் கம்ப்ரஸர் அருகே நின்றதாகவும் அவரே சொன்னார். கம்ப்ரஸர் ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. குறிப்பாணையில் எந்த வார்த்தையும் இல்லை, “தகாத வார்த்தைகள்” என்று மட்டும் இருக்கிறது.

தாமரை_வழக்குரைஞர் எழுதியது:

கதிர், பக்கம் 31-ஐப் படித்துவிட்டு எழுதுகிறேன். தொழிலாளர் தரப்பில் ஆஜராகும் எனக்கு இப்படி ஒரு பக்கம் எப்போதாவதுதான் கிடைக்கும். இதைக் கையில் வைத்துக்கொண்டு விசாரணையைச் செல்லாததாக்கச் சொல்வது, உங்கள் வீட்டுச் சுவரை நீங்களே இடிப்பது போன்றது.

காரணத்தைச் சொல்கிறேன். விசாரணை செல்லாது என்று முடிவானால் அதில் பதிவான சாட்சியமும் பயனற்றுப் போகும். எதிருரையில் அந்த ஒரு வரி இருப்பதால் நிர்வாகம் அதே மேற்பார்வையாளரை நீதிமன்றக் கூண்டில் புதிதாக ஏற்றும். 1983-இல் ஷம்புநாத் கோயல் வழக்கில் உச்ச நீதிமன்றம், நிர்வாகம் அந்த வாய்ப்பை ஆரம்பத்திலேயே தன் எதிருரையில் கேட்டிருக்க வேண்டும் என்றது. 2001-இல் லட்சுமிதேவம்மா வழக்கில் அரசியல் சாசன அமர்வும் அந்த நிலையை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்புகளைப் படித்த பிறகு எந்த நிர்வாகமும் அந்த வரியை எழுதாமல் விடுவதில்லை. இரண்டாம் முறை வரும்போது அந்தச் சாட்சி தயாராக வருவார். “டூல் மாற்றம் 2.30-க்கே முடிந்துவிட்டது, பதிவேட்டில் பிறகுதான் எழுதினேன்” என்பார். முன்பு விசாரணையில் வேறு மாதிரி சொன்னீர்களே என்று நீங்கள் கேட்டால், அந்த விசாரணையே செல்லாது என்று வாங்கியது நீங்கள்தானே என்று எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும்.

இப்போது மறுபக்கம். விசாரணை முறையாக நடந்தது என்று ஏற்றுக்கொண்டால், 1971-இல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 11ஏ பிரிவு உங்கள் கையில் இருக்கிறது. அதன்படி நீதிமன்றம் சாட்சியத்தைத் தானே மறுபடி எடைபோட்டுப் பார்க்கலாம், குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லலாம், நிரூபணமானாலும் தண்டனையைக் குறைக்கலாம். 1973-இல் ஃபயர்ஸ்டோன் டயர் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக விளக்கியிருக்கிறது. அதே பிரிவின் வரம்புரை, அதாவது அதிலுள்ள நிபந்தனை வரி, நீதிமன்றம் விசாரணைப் பதிவேட்டில் உள்ளதை மட்டுமே பார்க்க வேண்டும், புதிய சாட்சியம் எடுக்கக் கூடாது என்கிறது. பதிவேடு யாருக்குச் சாதகமோ அவருக்கு அந்த வரம்புரை அரண்.

விசாரணை அதிகாரிக்கு நிர்வாகம் பணம் கொடுத்தது என்ற வாதத்தை விட்டுவிடுங்கள். 1964-இலேயே சரன் மோட்டார்ஸ் வழக்கில், சம்பளம் கொடுத்து வழக்குரைஞரை அமர்த்தியதாலேயே அவர் ஒருதலைப்பட்சமானவர் ஆகிவிட மாட்டார் என்று சொல்லியாகிவிட்டது. இந்த வாதத்தை முதலில் எடுத்தால் நீதிபதி உங்கள் நல்ல வாதத்துக்கு வரும்போது களைத்துப் போயிருப்பார்.

திருப்பூர்_செல்வி எழுதியது:

மேடம், அப்படியானால் கேமராப் பதிவைத் தராமல் மறைத்தது என்ன ஆகும்? அதையும் விட்டுக்கொடுப்பதா? எனக்கு மனம் ஒப்பவில்லை.

தாமரை_வழக்குரைஞர் எழுதியது:

நல்ல கேள்வி செல்வி. “ஆவணம் தராததால் விசாரணையே செல்லாது” என்ற வடிவில் அதை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். வேறொரு வடிவில் அது உயிரோடு இருக்கும். கேட்டு எழுதிக் கொடுத்த கடிதம் பதிவேட்டில் இருக்கிறது. நிர்வாகத்தின் கையில் இருந்த பதிவு வெளியே வரவில்லை. வந்திருந்தால் அது நிர்வாகத்துக்குப் பாதகமாக இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம் என வாதிடலாம். அது சாட்சியத்தை மதிப்பிடும் வாதம். விசாரணையின் நேர்மையை ஏற்றுக்கொண்டாலும் அதை எடுக்கலாம்.

உங்கள் வழக்கில் குறுக்கு விசாரணையே உருப்படியாக நடக்கவில்லை. பதிவேட்டில் உங்களுக்குச் சாதகமாக ஒரு வரியும் இல்லாதபோது எதிர்த்தது சரியான முடிவு. கதிரின் வழக்கு அப்படியானது அல்ல.

மனிதவளம்_சேலம் எழுதியது:

நான் எதிர்ப்பக்கத்தில் வேலை பார்ப்பவன். 20 ஆண்டுகளுக்கு மேலாக நிர்வாகங்களுக்காக இப்படிப்பட்ட கோப்புகளைத் தயாரித்திருக்கிறேன். கதிருக்கு அநியாயம் நடந்திருக்கிறது என்றே நினைக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

விசாரணை நேர்மையற்றது, பழிவாங்கும் நோக்கம், தொழிலாளர் விரோதப் போக்கு என்று நீளும் கோரிக்கை மனுவைப் பார்த்தால் எங்கள் வழக்குரைஞர்கள் கவலைப்படுவதில்லை. வார்ப்பு எதிருரை ஒன்று கணினியில் தயாராக இருக்கும். பக்க எண் போட்டு, “பக்கம் 31-இல் முதல் சாட்சி ஒப்புக்கொண்டார், அறிக்கையின் பக்கம் 9-இல் விசாரணை அதிகாரி அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை” என்று வரும் மனுவைப் பார்த்தால்தான் கூட்டம் போடுவோம். கதிர், விசாரணை அறிக்கையை எடுத்துப் பாருங்கள். அந்தப் பதிலைப் பற்றி அதிகாரி என்ன எழுதியிருக்கிறார்?

இன்னொன்று. எதிர்த்தரப்பு 2005-ஆம் ஆண்டின் மஹிந்திரா அண்டு மஹிந்திரா – நாராவடே தீர்ப்பைக் கொண்டு வரும். மேலதிகாரியை ஆபாசமாகத் திட்டியவரைப் பணிநீக்கம் செய்தது மிகையான தண்டனை அல்ல என்றது அந்தத் தீர்ப்பு. அதற்கு விடை இல்லாமல் போகாதீர்கள்.

கோவை_கதிர் எழுதியது:

சார், பார்த்தேன். அறிக்கை மொத்தம் 14 பக்கம். உற்பத்திப் பதிவேட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. “இரு சாட்சிகளும் குற்றச்சாட்டை உறுதி செய்துள்ளனர்” என்று முடித்துவிட்டார். எத்தனையோ முறை இதைப் படித்திருக்கிறேன், கோபம் வந்ததே தவிர இது என் கண்ணில் படவில்லை. எங்கள் சங்க நிர்வாகியிடமும் இந்த இழையைக் காட்டினேன். பக்கம் 31-ஐ அவரும் இப்போது வேறு மாதிரி பார்க்கிறார்.

பணிநீக்க உத்தரவில் “கடந்த காலத்தில் மூன்று எச்சரிக்கைகள் பெற்றவர்” என்றும் எழுதியிருக்கிறார்கள். குறிப்பாணையிலோ, அறிக்கை நகலுடன் வந்த இரண்டாவது நோட்டீஸிலோ அந்த எச்சரிக்கைகள் பற்றிப் பேச்சே இல்லை. இது பயன்படுமா?

தாமரை_வழக்குரைஞர் எழுதியது:

நன்றாகப் பயன்படும். பழைய பதிவுகளைத் தண்டனைக்குக் காரணமாக எடுத்துக்கொள்வதானால் முன்கூட்டியே அதைச் சொல்லி விளக்கம் கேட்க வேண்டும் என்று மைசூர் அரசு – மஞ்சே கவுடா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது அரசு ஊழியர் வழக்கு, ஆனால் அதிலுள்ள இயற்கை நீதிக் கோட்பாட்டை இங்கும் எடுத்துச் சொல்லலாம். தண்டனை பற்றிய வாதத்தில் இதை வையுங்கள், விசாரணையைத் தாக்கும் இடத்தில் வைக்காதீர்கள்.

நாராவடே தீர்ப்புக்கு விடை உங்கள் பதிவேட்டிலேயே இருக்கிறது. அந்த வழக்கில் ஆபாசமாகத் திட்டியது நிரூபணமானது. உங்கள் குறிப்பாணையில் வார்த்தையே இல்லை, இரண்டு சாட்சிகள் இரண்டு வார்த்தை சொன்னார்கள், ஒருவர் கம்ப்ரஸர் அருகே நின்றார். அதற்கு மேல், 1982-இல் ராமாகாந்த் மிஸ்ரா வழக்கில், வாய்ச் சொல்லுக்காகப் பணிநீக்கம் செய்தது மிகை என்று உச்ச நீதிமன்றம் தொழிலாளியை மீண்டும் வேலையில் அமர்த்தியது. 1984-இல் வேத் பிரகாஷ் குப்தா வழக்கிலும் அதே போக்குதான். இரு தரப்புத் தீர்ப்புகளையும் நீங்களே நீதிபதி முன் வையுங்கள். பாதகமான தீர்ப்பை எதிர்த்தரப்பு எடுத்துக் காட்டும் வரை மறைத்து வைத்தால் உங்கள் சொல்லுக்கு மதிப்புக் குறையும்.

இப்போது யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். பணிநீக்கத்துக்குப் பிறகு பிழைப்புக்கு என்ன செய்கிறீர்கள்?

கோவை_கதிர் எழுதியது:

மாமாவின் சரக்கு ஆட்டோவை வாடகைக்கு ஓட்டுகிறேன் மேடம். தினமும் கிடைக்காது. இதைச் சொன்னால் வேலை இல்லாமல் இருந்த காலத்துக்கான பின் சம்பளம் போய்விடும், சொல்ல வேண்டாம் என்று பலரும் சொல்கிறார்கள்.

தாமரை_வழக்குரைஞர் எழுதியது:

சொல்லுங்கள். மறைத்துவிட்டுக் குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொண்டவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆட்டோவோடு எடுத்த ஒரு புகைப்படம் போதும். அதன் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

2013-இல் தீபாலி குண்டு சுர்வாசே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: பணிநீக்கம் தவறு என்றால் பணித்தொடர்ச்சியுடனும் பின் சம்பளத்துடனும் திரும்ப எடுப்பதே இயல்பான நிவாரணம். தனக்கு வேறு வேலை இல்லை, அல்லது குறைந்த ஊதியத்தில்தான் வேலை கிடைத்தது என்று தொழிலாளி சொல்லிவிட்டால், அதை மறுத்து நிரூபிக்கும் பொறுப்பு நிர்வாகத்துடையது. எனவே நீதிமன்றத்தில் உங்கள் சாட்சியமாக எழுத்தில் கொடுக்கும் நிரூபண வாக்குமூலத்தில் ஆட்டோ யாருடையது, வாடகை எவ்வளவு, டீசலும் வாடகையும் போக மாதம் கையில் நிற்பது எவ்வளவு, கடைசியாக வாங்கிய சம்பளம் எவ்வளவு என்று எழுதுங்கள். வாடகை கொடுத்த கைபேசிப் பரிவர்த்தனைகளை அச்செடுத்து இணையுங்கள். எங்கெல்லாம் வேலை கேட்டுப் போனீர்கள் என்பதையும் சேருங்கள். பெரும் தொழிற்சாலையில் 11 ஆண்டு நிரந்தரமாக இருந்த ஒருவர் வாடகை வண்டி ஓட்டிப் பிழைக்கிறார் என்பது அவருக்குப் பாதகமான செய்தி என்று நான் நினைக்கவில்லை.

பஞ்சாலைத்_தோழர் எழுதியது:

பிழைப்பூதியத்தையும் கணக்குப் பாருங்கள் தோழர். 1981-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பிழைப்பூதியச் சட்டப்படி சஸ்பெண்ட் ஆன முதல் 90 நாளுக்கு 50 சதவீதம், அடுத்த 90 நாளுக்கு 75 சதவீதம், அதற்கு மேல் முழுச் சம்பளம். அக்டோபரிலிருந்து மார்ச் வரை என்றால் 75 சதவீதக் கட்டத்துக்கு வந்திருக்கிறீர்கள். அந்த வித்தியாசத்தைக் கொடுத்தார்களா?

கோவை_கதிர் எழுதியது:

இல்லை தோழர், கடைசி வரை பாதிதான் கொடுத்தார்கள்.

பஞ்சாலைத்_தோழர் எழுதியது:

அதைத் தனியாகக் கேட்டு வாங்கலாம். இந்த வழக்கோடு போட்டுக் குழப்பாதீர்கள்.

ஷிப்ட்_மூன்று எழுதியது:

குறுக்கே ஒரு கேள்வி. நீதிமன்றம் என்றால் வருடக்கணக்கில் இழுக்கிறது. நடுவரிடம் போக வழி இல்லையா? வெளிநாடுகளில் தொழிற்சங்கங்கள் அப்படித்தானே செய்கின்றன?

ஓய்வு_சமரசம் எழுதியது:

தொழிலாளர் துறையில் சமரச அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். வழி இருக்கிறது. தொழில் தகராறுகள் சட்டத்தில் 10ஏ என்ற பிரிவு 1956-லேயே சேர்க்கப்பட்டது. இரு தரப்பும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு ஒரு நடுவரைத் தேர்ந்தெடுக்கலாம். “இரு தரப்பும்” என்ற இடத்தில்தான் எல்லாம் நின்றுவிடுகிறது. பணிநீக்க வழக்கில் காலதாமதம் நிர்வாகத்துக்கு லாபம். அதனால் பெரும்பாலும் கையெழுத்துப் போட மாட்டார்கள். கதிரின் வழக்கு நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருப்பதால் அவருக்கு இப்போது அந்தப் பாதையும் இல்லை.

ஆனால் நடுவர் முறையின் வரலாற்றில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. 1918-இல் அகமதாபாத் ஆலைத் தொழிலாளர்கள் 50 சதவீத உயர்வு கேட்டார்கள். காந்தி உடனே அதை எடுத்துக்கொண்டு கிளம்பவில்லை. கூலியையும் விலைவாசியையும் விசாரித்துக் கணக்குப் பார்த்து, 35 என்று கோரிக்கையைத் திருத்தினார். கடைசியில் நடுவராக அமர்ந்த பேராசிரியர் ஆனந்த்சங்கர் துருவா வழங்கியதும் அதே 35 சதவீதம். அலுவலகத்தில் என்னிடம் வந்த மனுக்களில், கேட்பதை இப்படி எடைபோட்டுக் கொண்டு வந்தவை மிகக் குறைவு. கோபத்தை மட்டும் கொண்டு வருவார்கள். என் மேஜையில் அந்தக் கோபத்தை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியாமல் தவித்திருக்கிறேன்.

ஷிப்ட்_மூன்று எழுதியது:

நன்றி ஐயா. புதிய சட்டத்தொகுப்பு வந்தபின் இதெல்லாம் மாறிவிட்டதா?

தாமரை_வழக்குரைஞர் எழுதியது:

தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. இந்த இழையைப் படிக்கும் மற்றவர்கள் இரண்டு மாற்றங்களை மறக்காதீர்கள். பணிநீக்கத்தை எதிர்த்து நேரடியாக மனுப் போட முன்பு மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது, தொகுப்பில் தகராறைச் சமரசத்துக்குக் கொண்டுபோக இரண்டு ஆண்டுதான். அடுத்தது, 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களில் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும், பிரச்சினை எழுந்த ஓராண்டுக்குள் அங்கே மனுக் கொடுக்கலாம். சும்மா இருந்தால் நாள் போய்விடும்.

கோவை_கதிர் எழுதியது:

என் மனம் தெளிந்துவிட்டது. செல்வி, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, எனக்கும் அதே கோபம்தான். ஆனால் பக்கம் 31-ஐ இழக்க நான் தயாராக இல்லை. சங்க நிர்வாகியும் ஒப்புக்கொண்டுவிட்டார்.

இரண்டு சந்தேகம் மட்டும். விசாரணையை எதிர்க்கவில்லை என்று நீதிமன்றத்தில் எழுதி மெமோ கொடுத்தால், குற்றத்தையே ஒப்புக்கொண்டேன் என்று திருப்பிவிட மாட்டார்களா? வாதத்தை எங்கிருந்து தொடங்குவது?

திருப்பூர்_செல்வி எழுதியது:

அண்ணா, உங்கள் பதிவேடு வேறு, என் பதிவேடு வேறு என்பது புரிகிறது. நல்லபடியாக முடியட்டும்.

தாமரை_வழக்குரைஞர் எழுதியது:

திருப்பப் பார்ப்பார்கள். அதனால் வாசகம் முக்கியம். “எதிர்க்கவில்லை” என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். இப்படி எழுதுங்கள்:

“உள் விசாரணை நடத்தப்பட்ட முறையின் நேர்மையை மனுதாரர் எதிர்க்கவில்லை. விசாரணை அதிகாரியின் முடிவுகள் பதிவான சாட்சியத்துக்கு முரணானவை என்றும், குற்றச்சாட்டுகள் நிரூபிக்கப்படவில்லை என்றும், பணிநீக்கம் மிகையான தண்டனை என்றும் 11ஏ பிரிவின் கீழ் வாதிடும் உரிமையை மனுதாரர் விட்டுக்கொடுக்கவில்லை.”

வாதத்தை உற்பத்திப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். குடும்ப நிலையிலிருந்தோ 11 ஆண்டுப் பணியிலிருந்தோ தொடங்க வேண்டாம், அவை தண்டனை பற்றிப் பேசும்போது வரட்டும். முதலில் உற்பத்திப் பதிவேட்டின் நகல், அடுத்து பக்கம் 31, அடுத்து அதைப் பற்றி மௌனமாக இருக்கும் அறிக்கை. இந்த மூன்றையும் நீதிபதி வரிசையாகப் பார்த்துவிட்டால் உற்பத்தி நிறுத்தம் என்ற குற்றச்சாட்டு பெரும்பாலும் விழுந்துவிடும். பிறகு மிஞ்சுவது ஒரு வாக்குவாதம் மட்டுமே. அதற்குப் பணிநீக்கமா என்ற கேள்வியை அப்போது கேளுங்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்கும் முன் நிலையாணையை, அதாவது உங்கள் தொழிற்சாலையின் பணி விதிகளை, பார்த்துக்கொள்ளுங்கள். பணிநீக்கத்துக்குக் கீழே என்னென்ன தண்டனைகள் அதில் உண்டோ, ஊதிய உயர்வு நிறுத்தம், சில நாள் சஸ்பென்ஷன் என்று, எண்ணோடு குறித்து வையுங்கள். “தண்டனையைக் குறையுங்கள்” என்று மொட்டையாகக் கேட்பதைவிட, நிலையாணையிலேயே இருக்கும் சிறிய தண்டனையைக் காட்டுவது நீதிபதிக்கு வசதி.

மனிதவளம்_சேலம் எழுதியது:

உற்பத்திப் பதிவேட்டு நகல் விசாரணையில் சான்றாவணமாகக் குறியிடப்பட்டிருக்கிறதா என்று சரிபாருங்கள். குறியீட்டு எண் இல்லாமல் வெறுமனே காட்டிக் கேட்டிருந்தால், அது விசாரணைப் பதிவேட்டில் இல்லை என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள்.

கோவை_கதிர் எழுதியது:

குறியிடப்பட்டிருக்கிறது சார். தொழிலாளர் தரப்பு ஆவணம் 4. ஓரத்தில் விசாரணை அதிகாரியின் சுருக்கொப்பம் இருக்கிறது.

பஞ்சாலைத்_தோழர் எழுதியது:

அது போதும். மெமோவை இரண்டு பிரதி எடுத்து, எதிர்த்தரப்பு வழக்குரைஞரிடம் ஒன்றைக் கொடுத்து மற்றதில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிய பிறகு தாக்கல் செய்யுங்கள். மெமோவின் வாசகம் அன்றைய நீதிமன்றக் குறிப்பில் முழுமையாக வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.